முதல் தனிப் பறப்பில் இடர்நிலைத் திட்டமிடல்

முதல் தனிப் பறப்பு என்பது வானூர்தி ஓட்டப் பயிலும் மாணவர் ஒருவர், பயிற்றுநர் உடனில்லாமல், தாம் மட்டுமே வானூர்தியில் இருந்து முதன்முறையாகப் பறப்பதைக் குறிக்கும். அப்பறப்பின்போது பொறி நின்றுபோதல், வானொலி செயலிழத்தல், ஓடுபாதை அடைபடுதல், தரையிறக்கம் பிழைத்தல் போன்ற எதிர்பாராத நிலைகள் ஏற்பட்டால் என்ன செய்வது என்பதை மாணவரும் பயிற்றுநரும் தரையிலேயே முடிவு செய்து வைத்துக்கொள்வது இடர்நிலைத் திட்டமிடல் எனப்படும்.

இப்பறப்பு பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். மாணவர் வானூர்தித் தளத்தை விட்டு வெகுதொலைவு செல்வதும் இல்லை. ஆயினும் சிக்கல் எழுந்தால் அதனைக் கையில் எடுத்துக்கொள்ள அருகில் ஒருவர் இல்லாத முதல் நிமிடங்கள் இவையே. பத்து, இருபது மணிநேரமே பறந்துள்ள ஒருவர் வானில் அமர்ந்து புதிதாகச் சிந்தித்து முடிவெடுப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. எனவே, முடிவெடுக்கும் வேலையை இயன்றவரை தரையில் முடித்துவிட்டு, வானில் அதனைச் செயற்படுத்தும் வேலையை மட்டும் மாணவரிடம் விடுவதே இத்திட்டமிடலின் அடிப்படை ஆகும்.

வரலாறு

தொடக்ககால வானூர்திகள் பல ஓரிருக்கை கொண்டவை. ஆதலால் அவற்றில் மாணவரின் முதற் பறப்பே தனிப் பறப்பாக இருந்தது. பிரான்சில் பிளேரியோ முறை எனப்பட்ட பயிற்சியில் மாணவர்கள் முதலில் இறக்கை குறுக்கப்பட்ட, மேலெழும்ப இயலாத வானூர்திகளைத் தரையில் ஓட்டிப் பழகினர். பறக்கமாட்டா என்பதால் இவை 'பெங்குவின்' என்று அழைக்கப்பட்டன. பின்னர் சிறு துள்ளல்கள், அதன் பின்னர் நேர்ப் பறப்பு, இறுதியில் திருப்பம் என மாணவர் தனியாகவே முன்னேறினார். முதலாம் உலகப் போர்க் காலத்திலும் இம்முறை பிரான்சில் வழக்கில் இருந்தது.

பிரித்தானியாவில் 1917 ஆம் ஆண்டில் இராபர்ட் சிமித்-பாரி என்பவர் கோசுபோர்ட்டு என்னும் இடத்தில் வேறொரு முறையைத் தொடங்கினார். இருவர் அமரும் அவ்ரோ 504 வகை வானூர்திகளில், இருவருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் பொருத்தப்பட்டன. பயிற்றுநர் மாணவருடன் பேச இரப்பர்க் குழாய் ஒன்று பயன்பட்டது; அது இன்றும் 'கோசுபோர்ட்டு குழாய்' என்றே அறியப்படுகிறது. எனினும் சிமித்-பாரியின் முதன்மையான பங்களிப்பு இக்கருவிகள் அல்ல. ஆபத்தான நிலைகளைத் தவிர்க்குமாறு மாணவர்களுக்குச் சொல்லிவந்த வழக்கத்தை அவர் மாற்றினார். சுழல் வீழ்ச்சி போன்ற நிலைகளுக்குள் மாணவரை வேண்டுமென்றே கொண்டுசென்று, அதிலிருந்து மீளக் கற்பித்தார். இன்று முதல் தனிப் பறப்புக்கு முன் மாணவருக்கு அளிக்கப்படும் இடர்நிலைப் பயிற்சிகள் அனைத்தும் இக்கருத்தின் வழி வந்தவை எனலாம்.

பறப்புச் சுற்று

முதல் தனிப் பறப்பு, ஓடுபாதையை ஒட்டி நீள்சதுர வடிவில் அமையும் பறப்புச் சுற்றிலேயே நிகழ்கிறது. வானூர்தி காற்றை எதிர்நோக்கி மேலெழும்பி, இரு திருப்பங்களுக்குப் பின் ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து, மேலும் இரு திருப்பங்களுக்குப் பின் ஓடுபாதையை நேராக நோக்கி இறங்கும். சுற்றின் உயரம் பொதுவாகத் தரையிலிருந்து சுமார் 1,000 அடி ஆகும். ஒரு சுற்று முடிய ஐந்து அல்லது ஆறு நிமிடங்கள் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் மூன்று முறை மேலெழும்பி மூன்று முறை இறங்குவது பரவலான வழக்கம். வேறு பல நாடுகளில் ஒரு சுற்றே போதுமானதாகக் கொள்ளப்படுகிறது.

திட்டமிடலுக்கு இச்சுற்று மிகவும் வசதியானது. எந்தச் சிக்கல் எந்த இடத்தில் எழக்கூடும், அவ்விடத்தில் உயரம் எவ்வளவு, கண்ணுக்கு எதிரே என்ன இருக்கும் என்பதெல்லாம் முன்னரே தெரிந்தவை. ஆகவே சுற்றின் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு முடிவை இணைத்து வைக்கலாம்.

வெற்றிருக்கையின் விளைவு

எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு மாற்றம் உறுதியாக நிகழும்: வானூர்தியின் எடை குறையும். பயிற்சிப் பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்ட செசுனா 152 வகையின் உச்ச எடை 757 கிலோகிராம் மட்டுமே. எனவே 75 கிலோகிராம் எடையுள்ள பயிற்றுநர் ஒருவர் இறங்கினால் மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வானூர்தி ஓடுபாதையை விரைவில் விட்டெழும், வேகமாக உயரும், மாணவர் வழக்கமாகத் திரும்பும் இடத்திற்கு முன்பாகவே சுற்றின் உயரத்தை எட்டிவிடும். இறங்கும்போது அதே வேகத்தில் வந்தால் ஓடுபாதையின் மேல் மிதந்துகொண்டே நெடுந்தொலைவு செல்லும். இவை எதுவும் ஆபத்தல்ல. ஆனால் முன்கூட்டிச் சொல்லப்படாவிட்டால் ஏதோ கோளாறு என்று மாணவர் கருதக்கூடும்.

இருக்கைப் பட்டை பற்றிய எச்சரிக்கையும் இதனுடன் சேர்ந்ததே. பயிற்றுநர் இறங்கும்போது தமது இருக்கைப் பட்டையை வெற்றிருக்கையில் இறுகப் பூட்டிவிட்டுச் செல்ல வேண்டும். தளர்ந்து கிடக்கும் பட்டை கட்டுப்பாட்டுக் கருவிகளில் சிக்கலாம். கதவுக்கு வெளியே தொங்கினால், காற்றில் வானூர்தியின் உடலை அடித்து எழுப்பும் ஓசை, பொறி உடைவதைப் போலவே கேட்கும். அனுபவமுள்ள விமானிகளும் இவ்வோசையால் ஏமாந்தது உண்டு. பயிற்றுநரின் கேட்புக்கருவி, வரைபடம், பை ஆகியவற்றையும் வெளியே எடுத்துவிடுதல் வேண்டும்.

தரையில் எடுக்கப்படும் முடிவுகள்

பெரும்பாலான இடர்களைத் தவிர்ப்பது நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பதிலேயே அடங்கியுள்ளது. இத்தேர்வு முழுமையாகப் பயிற்றுநரின் பொறுப்பு. காற்று மென்மையாகவும் ஓடுபாதையின் திசையிலும் இருக்க வேண்டும். செசுனா 152 வானூர்தியில் மெய்ப்பித்துக் காட்டப்பட்ட குறுக்குக் காற்றின் அளவு 12 நாட் ஆகும் (1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்). முதல் தனிப் பறப்புக்குப் பயிற்றுநர்கள் இதைவிடக் குறைந்த எல்லையையே வைத்துக்கொள்கின்றனர். காற்றின் இப்போதைய அளவை மட்டும் பார்த்தல் போதாது. அடுத்த அரைமணி நேரத்தில் அது எவ்வாறு மாறும் என்பதும் கணக்கில் கொள்ளப்படும். வெப்பநாடுகளில் காலைவேளை விரும்பப்படுவதற்கு இதுவே காரணம். முற்பகல் கடந்தால் தரை சூடேறிக் காற்றுக் குலுங்கத் தொடங்கும்.

எரிபொருள் தேவைக்கு மேல் மிகுதியாகவே நிரப்பப்படும். செசுனா 152 இன் வழக்கமான தொட்டிகளில் பயன்படுத்தத்தக்க எரிபொருள் சுமார் 93 லிட்டர். மணிக்கு 23 லிட்டர் அளவில் செலவாகும் எனக் கொண்டால் இது நான்கு மணிநேரத்திற்குப் போதுமானது. ஆறு நிமிடப் பறப்புக்கு இது எதற்கு என்ற வினா எழலாம். மாணவர் வானில் இருக்கும்போது, அதே ஓடுபாதையில் வேறொரு வானூர்தியின் சக்கரம் வெடித்து ஓடுபாதை அடைபட்டால், அதனை அகற்ற ஒரு மணிநேரம்கூட ஆகலாம். அப்போது மாணவருக்குத் தேவைப்படுவது அவசரமின்மை. தொட்டியில் எரிபொருள் உள்ளவரை அது அவருக்குக் கிடைக்கும்.

ஓடுபாதை நெடுநேரம் அடைபட்டால் எங்கே செல்வது என்பதும் தரையிலேயே பேசப்பட வேண்டும். தளத்தில் வேறு ஓடுபாதை உண்டா, பக்கத்திலுள்ள தளம் எது, அதன் திசை என்ன, வானொலி அலைவரிசை எது என்பவை மாணவரின் முழங்கால் அட்டையில் ஒரே வரியில் எழுதப்பட்டிருத்தல் நன்று. மாணவர் அத்தளத்தில் பயிற்றுநருடன் ஒருமுறையேனும் இறங்கியிருந்தால் இன்னும் நன்று. பயிற்சி நூல்கள் பலவும் பொறிக் கோளாற்றுக்குப் பல பக்கங்களை ஒதுக்கிவிட்டு, உண்மையில் அதனைவிட எளிதில் நிகழக்கூடிய இந்நிலையை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

புறப்பாட்டின்போது

ஓடுபாதையில் விரையத் தொடங்கியதும் மாணவர் பார்க்க வேண்டியவை இரண்டு. பொறி முழு விசையைத் தருகிறதா என்பது ஒன்று. வேகமானியின் முள் அசைகிறதா என்பது மற்றொன்று. வேகமானிக்குக் காற்றை எடுத்துச் செல்லும் பிட்டோ குழாயில் சிறு பூச்சி புகுந்திருந்தாலும் முள் அசையாது. இவற்றில் எது பிழைத்தாலும் விசையைக் குறைத்து, ஓடுபாதையிலேயே நிறுத்திவிட வேண்டும். கதவு திறந்துகொண்டாலும், ஐயத்திற்கிடமான ஓசை கேட்டாலும் இதே முடிவுதான். சக்கரங்கள் தரையில் இருக்கும்வரை நிறுத்துவதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை என்று மாணவருக்குச் சொல்லப்படுகிறது.

மேலெழும்பிய பின் பொறி நின்றுபோவதே இப்பறப்பின் மிகக் கடுமையான இடர்நிலை. இதற்கான முடிவு ஒன்றே: எதிரே உள்ள நிலத்தில், தேவையானால் சற்று இடமோ வலமோ விலகி, இறங்க வேண்டும், ஓடுபாதைக்குத் திரும்ப முயலக்கூடாது. முதுகுக்குப் பின்னால் நீண்ட, சமமான ஓடுபாதை இருக்க, எதிரே வயலும் மரங்களும் தெரியும்போது இவ்விதி இயல்புணர்வுக்கு எதிரானதாகத் தோன்றும். எனவே இதன் காரணத்தை எண்களால் விளக்குவது பயனுடையது.

செசுனா 152 பொறியின்றி மிகுந்த தொலைவு சறுக்கிச் செல்வதற்கான வேகம் 60 நாட். அவ்வேகத்தில் அது ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ 9 அடி முன்செல்லும் எனக் கொண்டால், நிமிடத்திற்குச் சுமார் 675 அடி வீதம் கீழிறங்கும். ஆகவே 500 அடி உயரத்தில் பொறி நின்றால் மாணவரின் கையில் இருப்பது சுமார் 45 நொடிகள். நடந்தது என்ன என்று உணர்ந்து மூக்கைத் தாழ்த்தவே சில நொடிகள் கழிந்துவிடும். 30 பாகை சாய்வில் பாதி வட்டம் திரும்ப 17 நொடிகள் தேவை. அவ்வாறு திரும்பி முடித்தாலும் வானூர்தி ஓடுபாதையின் நேர்க்கோட்டில் இராது. திருப்பத்தின் விட்டமாகிய ஏறத்தாழ 340 மீட்டர் பக்கவாட்டில் விலகியிருக்கும். அதனைச் சரிசெய்ய மேலும் திரும்பி, மறுபடியும் எதிர்ப்புறம் திரும்ப வேண்டும். திருப்பத்தில் கீழிறங்கும் வீதமும் கூடுகிறது. போதாக்குறைக்கு, காற்று இப்போது பின்புறமிருந்து வீசுவதால் தரையைத் தொடும் வேகமும் அதிகம்.

இக்கணக்கைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. உயரம் போதவில்லை என்று கண்ட மாணவர் இன்னும் கூர்மையாகச் சாய்த்து, மூக்கை மேலே இழுப்பார். 45 பாகை சாய்வில் வானூர்தி தூக்குவிசையை இழக்கும் வேகம் சுமார் 19 விழுக்காடும், 60 பாகையில் சுமார் 41 விழுக்காடும் கூடிவிடுகின்றன. தூக்குவிசையை இழக்கும் இந்நிலை 'ஸ்டால்' எனப்படும். இவ்வளவு தாழ்வான உயரத்தில் ஸ்டால் ஏற்பட்டுச் சுழலத் தொடங்கினால் மீள்வதற்கு இடமில்லை. இறக்கைகள் சமநிலையில் இருக்க, கட்டுப்பாட்டுடன் வயலில் இறங்கும் சிறு வானூர்தி சேதமடையலாம். ஆனால் உள்ளிருப்பவர் பெரும்பாலும் பிழைக்கிறார். சுழன்று விழும் வானூர்தியில் அவ்வாய்ப்பு மிகக் குறைவு.

இவ்விளக்கத்தைப் பறப்பின்போது நினைத்துப் பார்க்க நேரம் இருக்காது. ஆதலால், ஓடுபாதையின் முனையில் நின்று, "500 அடிக்குக் கீழே பொறி நின்றால் மூக்கைத் தாழ்த்துவேன், எதிரே உள்ள வெளியில் இறங்குவேன்" என்று மாணவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டே புறப்படுகிறார். உயரத்தின் அளவு தளத்திற்கும் பள்ளிக்கும் ஏற்ப வேறுபடும். வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எங்கும் ஒன்றே.

சுற்றில் பறக்கும்போது

ஓடுபாதைக்கு இணையாகப் பறக்கும் பகுதியில் நிலைமை வேறு. 1,000 அடி உயரத்திலிருந்து பொறியின்றிச் சுமார் 1.5 கடல் மைல் சறுக்கிச் செல்லலாம். சுற்றை மிக அகலமாக்காமல் பறந்திருந்தால் ஓடுபாதை எட்டும் தொலைவிலேயே இருக்கும். சுற்றை நெருக்கமாகப் பறக்கும்படி பயிற்றுநர் வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

கதவு திறந்துகொள்ளுதல் சிறு வானூர்திகளில் அவ்வப்போது நிகழ்வது. பேரோசையும் குளிர்காற்றும் அச்சமூட்டும். ஆனால் செசுனா போன்றவற்றில் காற்றின் அழுத்தத்தால் கதவு சில அங்குலங்களுக்கு மேல் திறவாது. வானூர்தி வழக்கம்போலவே பறக்கும். உண்மையான ஆபத்து, கதவை மூட முயலும் மாணவர் வேகத்தையும் உயரத்தையும் கவனிக்க மறப்பதே. கதவைத் திறந்தபடியே விட்டுச் சுற்றை முடித்து இறங்குவதே திட்டம்.

வேகமானி வானில் செயலிழந்தால், பழகிய மூக்கு நிலையையும் பழகிய விசை அளவையும் வைத்துக்கொண்டால் பழகிய வேகமே கிடைக்கும். பயிற்றுநர் முன்னரே ஒரு சுற்றில் வேகமானியைத் துணியால் மறைத்து இதனைக் காட்டியிருந்தால் மாணவர் கலங்கமாட்டார். இறக்கை மடல்கள் விரியாவிட்டால், சற்றுக் கூடுதலான வேகத்தில், தாழ்வான சரிவில் இறங்கலாம். நீளமான ஓடுபாதை மட்டும் தேவை.

வானொலி அமைதியானால் முதலில் பார்க்க வேண்டியவை ஒலி அளவு, அலைவரிசை, கேட்புக்கருவியின் செருகி ஆகியன. பயிற்றுநர் இறங்கும்போது செருகி தளர்ந்திருக்கலாம். அதன் பின்னும் பேச இயலாவிட்டால், அடையாள அலைபரப்பியில் 7600 என்ற எண்ணை அமைத்து, சுற்றைத் தொடர்ந்து பறந்தபடி கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ஒளிக் குறிகளை நோக்க வேண்டும். பன்னாட்டு விதிகளின்படி, வானிலுள்ள வானூர்திக்கு நிலையான பச்சை ஒளி 'இறங்கலாம்' என்றும், நிலையான சிவப்பு 'பிறருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு' என்றும், விட்டுவிட்டு ஒளிரும் பச்சை 'இறங்குவதற்குத் திரும்பி வா' என்றும், விட்டுவிட்டு ஒளிரும் சிவப்பு 'தளம் பாதுகாப்பற்றது, இறங்காதே' என்றும் பொருள்படும். பகலில் இறக்கைகளை அசைத்து மாணவர் பதில் தருவார். மாணவருக்கு ஒருநாள் கோபுரத்திலிருந்து இவ்வொளிகளை உண்மையாகவே காட்டச் செய்வது நல்ல வழக்கம்.

எந்நிலையிலும் பணிகளின் வரிசை ஒன்றே: முதலில் வானூர்தியைப் பறக்கச் செய்தல், அடுத்து அதனைச் செல்லவேண்டிய திசையில் செலுத்துதல், அதன் பின்னரே பேசுதல். உயிருக்கு ஆபத்தான நிலையில் 'மேடே' என்று மும்முறை சொல்லி உதவி கோரலாம். 1920களின் தொடக்கத்தில் இலண்டன் குரோய்டன் தளத்தில், 'எனக்கு உதவுங்கள்' என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடரின் ஒலிப்பையொட்டி இச்சொல் உருவாக்கப்பட்டது. மாணவர்கள் இதனைச் சொல்லத் தயங்குவது உண்டு. தம்மால் பிறருக்குத் தொல்லை என்று எண்ணுவதே காரணம். அந்தத் தயக்கத்தையும் பயிற்றுநர் முன்னரே போக்கியிருக்க வேண்டும்.

மீள்சுற்று

தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு, முழு விசையுடன் மீண்டும் மேலெழுந்து இன்னொரு சுற்று வருதல் மீள்சுற்று ஆகும். ஆங்கில வழக்கில் இது 'கோ அரவுண்டு' எனப்படுகிறது. முதல் தனிப் பறப்புக்கான திட்டங்களில் மிகுதியாகப் பயன்படுவது இதுவே. உயரம் மிகுந்துவிட்டது, வேகம் கூடிவிட்டது, ஓடுபாதையில் நாய் நிற்கிறது, முன்னால் இறங்கிய வானூர்தி இன்னும் விலகவில்லை, சக்கரம் தரையில் பட்டுத் துள்ளிவிட்டது என எல்லாவற்றுக்கும் விடை ஒன்றே என்பது இதன் சிறப்பு. மாணவர் சிக்கலை ஆராயத் தேவையில்லை. அதிலிருந்து விலகினால் போதும்.

துள்ளல் தனியாகக் குறிப்பிடத்தக்கது. மூன்று சக்கர வானூர்தி வேகமாக வந்து தரையில் பட்டுத் துள்ளும்போது மாணவர் மூக்கை அழுத்தினால், மூக்குச் சக்கரம் தரையில் மோதும். அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாகும். மூன்றாம் துள்ளலுக்குள் மூக்குச் சக்கரத்தின் தண்டோ சுழலியோ உடைவது வழக்கம். முதல் பெரிய துள்ளலிலேயே விசையை முழுமையாகத் திறந்து மேலெழுவது இதனை முற்றிலும் தவிர்க்கிறது.

மீள்சுற்று எளிய முடிவு. ஆனால் எளிய செயலன்று. இறங்குவதற்காக டிரிம் அமைக்கப்பட்ட வானூர்தியில் திடீரென முழு விசை கொடுத்தால் மூக்கு தானாகவே மேல்நோக்கி எழும். மாணவர் அதனை உறுதியாக அழுத்திப் பிடிக்காவிட்டால் வேகம் விரைவாகக் குறையும். செசுனா 152 இல் விசையை முழுமையாகத் திறந்து, கார்புரேட்டர் வெப்பத்தை நிறுத்தி, இறக்கை மடல்களை 20 பாகைக்குக் குறைத்து, 55 நாட் வேகத்தில் ஏறி, பின்னர் எஞ்சிய மடல்களை மெதுவாக உள்வாங்க வேண்டும். மடல்களை முழுமையாக விரித்தபடியே ஏற முயன்றாலும், ஒரே அடியாக உள்வாங்கினாலும் ஆபத்து. ஆதலால், மாணவர் இதனை ஓடுபாதைக்குச் சற்று மேலே வரை வந்து, பல முறை செய்து பழகியிருப்பதை உறுதி செய்யாமல் பயிற்றுநர் வானூர்தியை விட்டு இறங்குவதில்லை.

எங்கிருந்து மீள்சுற்று செய்வது என்பதற்கும் எல்லை வகுக்கப்படும். எடுத்துக்காட்டாக, 200 அடி உயரத்தில் வேகமும் நேர்க்கோடும் சரியாக அமையாவிட்டால் உடனே மேலெழ வேண்டும் எனப் பயிற்றுநர் கூறலாம். முதல் தனிப் பறப்பில் மீள்சுற்று செய்வது தோல்வி ஆகாது என்பதும் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். கீழே நண்பர்கள் படக்கருவியுடன் காத்திருக்கும்போது, எப்படியாவது இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதல் மாணவருக்கு வலுவாக இருக்கும்.

சவுத்தெண்டு, 2006

திட்டத்தில் மாணவரும் பயிற்றுநரும் மட்டுமன்றித் தரையிலுள்ள பிறரும் பங்கு கொள்கின்றனர் என்பதை இங்கிலாந்தின் சவுத்தெண்டு வானூர்தித் தளத்தில் 2006 சூலை 19 அன்று நிகழ்ந்த விபத்து காட்டியது. 16 அகவை மாணவர் ஒருவர் செசுனா 150 வகை வானூர்தியில் தமது இரண்டாவது தனிப் பறப்பில் இருந்தார். அவர் ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் வேகமான வேறொரு வானூர்தி வந்தது. அதற்கு வழிவிடுவதற்காக, இறங்குவதைக் கைவிடும்படி கோபுரத்திலிருந்து மாணவருக்கு அறிவுறுத்தல் வந்தது. உடனடியாக அவ்வறிவுறுத்தல் மாற்றப்பட்டு, இடப்புறம் திரும்பிச் செல்லும்படி கூறப்பட்டது. தாழ்வான உயரத்தில், குறைந்த வேகத்தில் திரும்பிய வானூர்தி ஸ்டால் நிலையை அடைந்து அருகிலிருந்த பூங்காவில் விழுந்தது. மாணவர் உயிரிழந்தார்.

மாணவர் மீள்சுற்றைக் கற்றிருந்தார். ஆனால் அவரிடம் கோரப்பட்டது அவர் கற்ற மீள்சுற்று அன்று. நேராக ஏறிச் சுற்றில் இணைவதற்கு மாறாக, இறங்கும் நிலையிலிருந்தபடியே திரும்புவது அவருக்குப் பழக்கமில்லாத செயல். தமது பயிற்சியும் அனுபவமும் ஆயத்தப்படுத்தாத ஒரு நிலையில் அவர் வைக்கப்பட்டார் என்பதை பிரித்தானிய வான் விபத்து ஆய்வுக் கிளையின் விசாரணை சுட்டிக்காட்டியது. அனுபவமுள்ள விமானிக்கு அந்த அறிவுறுத்தல் சிறு தொல்லையாக மட்டுமே இருந்திருக்கும்.

இதன் பின்னர் ஐக்கிய இராச்சியத்தில், தனியாகப் பறக்கும் மாணவர்கள் வானொலியில் தம் அழைப்புக் குறிக்கு முன்னால் 'மாணவர்' எனப் பொருள்படும் 'ஸ்டூடண்ட்' என்ற சொல்லைச் சேர்க்கும் வழக்கம் கொண்டுவரப்பட்டது. அமெரிக்க வான்பயண நிர்வாகத்தின் கையேடும் மாணவர்கள் முதல் தொடர்பிலேயே தம்மை மாணவர் என அறிவிக்கும்படி அறிவுறுத்துகிறது. இச்சொல்லைக் கேட்கும் கட்டுப்பாட்டாளர் எளிய, வழக்கமான அறிவுறுத்தல்களையே தர வேண்டும்; தேவையானால் வேகமான வானூர்தியையே விலகிச் செல்லச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் சொன்னதைச் செய்ய இயலாவிட்டால் 'இயலாது' என்று பதிலளிக்கும் உரிமை மாணவருக்கு உண்டு. இந்த ஒரு சொல்லையும் பயிற்றுநர் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பதினாறு அகவை மாணவர் ஒருவர் கோபுரத்திலிருந்து வரும் குரலை மறுப்பது எளிதன்று.

பயிற்றுநர் தரையில்

வானூர்தியை விட்டு இறங்கிய பயிற்றுநரின் பணி முடிவதில்லை. அவர் கையடக்க வானொலியுடன் ஓடுபாதை தெரியும் இடத்திலோ, கட்டுப்பாட்டுக் கோபுரத்திலோ இருப்பார். எனினும் இயன்றவரை பேசாமலிருப்பதே அவருடைய பங்கு. மாணவரின் காதில் ஒரே நேரத்தில் இரு குரல்கள் மாறுபட்டுக் கூறினால் இரண்டுமே பயனற்றுப் போகும். எனவே, எந்நிலையில் பயிற்றுநர் பேசுவார், அப்போது பிறர் அமைதியாக இருப்பார்களா என்பது கோபுரத்துடன் முன்னரே பேசி வைக்கப்படும்.

பயிற்றுநரின் குரல் பெரிதும் பயன்பட்ட நிகழ்வு ஒன்று அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் உள்ள பெவர்லி தளத்தில் 2018 செப்டம்பரில் நடந்தது. தனியாகப் புறப்பட்ட 17 அகவை மாணவியின் பைப்பர் வானூர்தியிலிருந்து, மேலெழும்போது வலப்புற முதன்மைச் சக்கரம் கழன்று விழுந்தது. மாணவி அதனை அறிந்தது வானொலி வழியாகத்தான். அவருடைய பயிற்றுநர் வானொலியில் தொடர்ந்து அமைதியாகப் பேசி, பழகிய முறையிலேயே அவரை இறங்கச் செய்தார். மாணவிக்குக் காயம் ஏற்படவில்லை. சக்கரம் கழன்று விழுவதற்கென்று தனித் திட்டம் எதுவும் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுவதில்லை. மென்மையாகவும் மெதுவாகவும் இறங்கும் பழகிய செயலும், நன்கறிந்த ஒரு குரலும், வானில் காத்திருக்கப் போதிய எரிபொருளும் அங்கே போதுமானவையாக இருந்தன.

சட்ட முன்தேவைகள்

தனிப் பறப்புக்கான குறைந்த அகவை இந்தியா, ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம் ஆகிய நாடுகளில் 16 ஆகும். அமெரிக்காவில் சறுக்கு வானூர்திக்கும் வெப்பக்காற்றுக் கூண்டுக்கும் 14 போதும். அமெரிக்க விதிகளின்படி மாணவர் முதலில் ஓர் எழுத்துத் தேர்வில் வெற்றிபெற வேண்டும். வான்வெளி விதிகளும், அவர் பறக்கப்போகும் குறிப்பிட்ட வகை வானூர்தியின் இயல்புகளும் எல்லைகளும் அதில் இடம்பெறும். தவறான விடைகள் ஒவ்வொன்றையும் பயிற்றுநர் மாணவருடன் அமர்ந்து ஆராய்தல் கட்டாயம். மீள்சுற்று, ஸ்டாலிலிருந்து மீளல், பொறி நின்றதுபோன்ற ஒத்திகை, கருவிக் கோளாறுகள் ஆகியன கற்பிக்கப்பட்டமைக்கான ஒப்பம் பதிவேட்டில் இருக்க வேண்டும். இவ்வொப்பம் 90 நாட்களுக்கு மட்டுமே செல்லும்.

தரையிறங்கிய பின்

சக்கரங்கள் தரையைத் தொட்டதும் மாணவரின் கவனம் தளர்வது இயல்பு. வேகம் குறையும் முன்பே ஓடுபாதையிலிருந்து திரும்ப முயன்று பக்கவாட்டில் சறுக்குதல், மடல்களை உள்வாங்க எண்ணி வேறு பிடியை இழுத்தல், அனுமதியின்றி இன்னொரு ஓடுபாதையைக் கடத்தல் போன்ற பிழைகள் இந்நேரத்திற்கு உரியவை. ஆகவே, ஓடுபாதையை விட்டு முழுமையாக விலகி வானூர்தியை நிறுத்தும்வரை இருக்கையில் எதையும் தொடவேண்டாம் என்பதும் முன்பேசிய திட்டத்தில் ஒரு வரியாக இடம்பெறுகிறது. பின்னர் பயிற்றுநர் பதிவேட்டில் அன்றைய தேதியையும், பறந்த நேரத்தையும், இறங்கிய எண்ணிக்கையையும் எழுதி ஒப்பமிடுவார். மீள்சுற்று செய்திருந்தால் அது எங்கே, எதனால் முடிவு செய்யப்பட்டது என்று மாணவரிடம் கேட்டறிவது, அடுத்த தனிப் பறப்புக்கு முன் நடக்கும் உரையாடலின் முதல் வினாவாக அமையும்.